மலைமண்ணும் ஆற்றுவெளியும்: புசல்லாவைச் சரிவுகளில் மண்ணரிப்புத் தடைச் சட்டங்களின் வரலாறு

கம்பளை நகரினின்று நுவரெலியாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, மகாவலி கங்கையின் வெளியை விட்டு நீங்கி, வளைந்து வளைந்து மேலேறிப் புசல்லாவையை அடைகின்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த இவ்வூரைச் சூழ்ந்து எப்பக்கமும் தேயிலை மலைகளே காணப்படும். தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் நாட்களில் இச்சாலை வழியே செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். மேலே தோட்டத்துக் கான்களும் ஓடைகளும் செந்நிறங் கொண்டு பெருகும். கீழே மகாவலியும் அந்நிறத்தோடே கம்பளையைக் கடந்து பேராதனைக்குச் செல்லும். அச்செந்நிறம் வேறொன்றன்று, மலையின் மேல்மண்ணே அது. அம்மண் எவ்வாறு பெயர்ந்தது, அதனைத் தடுத்தற்கு அரசுகள் எக்காலத்து எச்சட்டங்களை இயற்றின, அச்சட்டங்கள் எதனால் முழுப்பயன் தரவில்லை என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் மரபு மலையையும் நீரையும் வேறு வேறாகக் கருதியதில்லை. நாட்டுக்கு உறுப்பாவன இவையெனக் கூறப் புகுந்த வள்ளுவர் மலையையும் அதினின்று வரும் ஆற்றையும் சேர்த்தே எண்ணினார். அரணுக்கு உறுப்பாவன கூறியபோதும் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்தார். இலங்கையின் மலைநாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக இயற்றப்பட்ட சட்டங்களோ இவற்றைத் தனித்தனியே பிரித்தன. காட்டுக்கு ஒரு சட்டம், தோட்டத்துக்கு ஒரு சட்டம், ஆற்றங்கரைக்கு ஒரு சட்டம் என வகுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பகுதியாரிடம் ஒப்படைத்தன. மண் அப்பிரிவினையை அறியாது. உச்சியில் வெட்டப்பட்ட மண் அடிவாரத்தில் வந்து படிகின்றது. இவ்வொரு செய்தியை மறந்தமையே மண்ணரிப்புத் தடைச் சட்டங்களின் குறைபாட்டுக்கு முதற் காரணம் என்பது அவற்றின் வரலாற்றை நோக்குவார்க்குப் புலனாகும்.

நிலமும் நீரும்

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமுடையது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு கூற்றின் நீர் இவ்வாற்றிலேயே சேர்கின்றது. அதன் மேற்பாகத்துக் கிளையாறுகளுட் சிறந்தது கொத்மலை ஓயா. நுவரெலியா மலைத்தொகுதியினின்று இறங்கும் இவ்வோயா கம்பளைக்கு மேலே மகாவலியுடன் கலக்கின்றது. புசல்லாவைப் பகுதியின் ஓடைகளுட் சில கொத்மலைப் பள்ளத்தாக்கிலும் சில நேரே மகாவலியிலும் சென்று சேரும். செங்குத்தான சரிவில் விரைந்திறங்கும் இந்நீர்கள் கம்பளையை அணுகும்போது வேகங் குறைந்து பரவுகின்றன. ஆற்றின் இருமருங்கும் மலைகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் வெள்ளச் சமவெளி இவ்வாறு அமைந்ததே. மலை இழப்பதை வெளி பெறுகின்றது. இழப்பு அளவாயிருக்கும்வரை அப்பேறு வண்டலாகி வயலுக்கு வளந்தரும். அளவு கடந்தபோது அதுவே ஆற்றுப் படுகையை மேடாக்கி வெள்ளத்தை ஊருக்குள் ஏற்றும்.

பதினான்காம் நூற்றாண்டில் கம்பளை அரசிருக்கையாய் விளங்கிய காலத்தும், பின்னர்க் கண்டியரசர் ஆண்ட காலத்தும், இம்மலைகளின் மேற்சரிவுகள் பெரும்பாலும் காடாகவே இருந்தன. கண்டியரசில் மரம் வெட்டுதல் விலக்கப்பட்ட தடைக்காடுகள் இருந்தமை வரலாற்றாசிரியர் அறிந்ததே. மக்கள் பள்ளத்தாக்குகளில் படிப்படியாக வரம்பு கட்டி நெல் விளைத்தனர். அப்படிவயல் ஒவ்வொன்றும் ஓடும் நீரைத் தடுத்து நிறுத்தி, அது சுமந்து வரும் மண்ணைத் தன்னிடத்தே தங்கவைக்கும் இயல்பினது. எழுதப்பட்ட மண்காப்புச் சட்டம் அக்காலத்தில் இருந்ததில்லை. வயலின் அமைப்பே அத்தொழிலைச் செய்தது.

கோப்பியும் ஐயாயிரம் அடிக் கோடும்

1815-ஆம் ஆண்டில் கண்டியரசு பிரித்தானியர் வசமாயிற்று. 1820-களில் தேசாதிபதி எட்வேட் பாண்சு அளித்த ஊக்கத்தால் கம்பளை, பேராதனைப் பகுதிகளில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிற்று. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியன எனக் கொண்டது. அவ்வாறு முடிக்குரியதாகிய நிலம் தோட்டக்காரர்க்கு விற்கப்பட்டது. தொடக்கத்தில் ஏக்கர் ஒன்றின் அடிவிலை ஐந்து சிலிங்கே. மோரிசு டி வோம்சு, கபிரியேல் டி வோம்சு என்னும் சகோதரர் புசல்லாவையில் றொத்சைல்ட் தோட்டத்தை அமைத்தது இக்காலத்திலேயே. 1841-ஆம் ஆண்டில் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் சில அத்தோட்டத்திற் கொண்டுவந்து நடப்பட்டன. எனினும் அடுத்த நாற்பதாண்டுகள் அம்மலைகளை ஆண்ட பயிர் கோப்பியே.

கோப்பிக்கு நிலம் ஆயத்தஞ் செய்த முறை எளியது, கொடியது. காடு முழுவதும் வெட்டி வீழ்த்தப்பட்டது, உலர்ந்தபின் தீயிடப்பட்டது, சாம்பல் படர்ந்த சரிவில் கயிறு பிடித்து நேர்வரிசையாகக் குழிகள் தோண்டப்பட்டன. களை ஒன்றும் இராதபடி மாதந்தோறும் நிலம் சுரண்டப்பட்டது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களினின்று வந்த தமிழ்த் தொழிலாளரே காடு வெட்டினர்; குழி தோண்டினர்; பாதை அமைத்தனர். நூற்றாண்டுகளாக இலைச்சருகும் வேரும் சேர்ந்து உருவாக்கிய மேல்மண் மழைக்கு நேரே முகங்கொடுத்து நின்றது. முதற் சில ஆண்டுகளின் செழிப்பான விளைச்சல் அம்மண்ணின் சேமிப்பைச் செலவிட்டுப் பெற்றதே.

இக்கேட்டை முதலிற் சுட்டியோர் தாவரவியலார். பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்சு போன்றோர் காடழிவு குறித்துக் கவலை கொண்டனர். இலண்டன் கியூ பூந்தோட்டத்தின் தலைவர் யோசப்பு ஊக்கர் 1873-ஆம் ஆண்டில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது காத்தல் வேண்டும் எனக் குடியேற்ற நாட்டு அரசுக்கு அறிவுறுத்தினார். அவ்வுயரத்துக்கு மேலுள்ள முடிக்குரிய காட்டை விற்றல் ஆகாது என்னும் கொள்கை அதன் வழி உருவாயிற்று. 1882-இல் வின்சென்ற் என்னும் காட்டதிகாரி இலங்கைக் காடுகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1885-இல் காட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. பிதுருதலாகலை முதலிய உயர்மலைகளில் இன்றும் எஞ்சிநிற்கும் காடுகள் அக்கொள்கைக்குப் பெரிதுங் கடமைப்பட்டவை. அதன் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

ஆயினும் அக்கோடு எங்கே வரையப்பட்டது என்பது நோக்கற்பாலது. புசல்லாவையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிற் பெரும்பகுதியும் 5,000 அடிக்குக் கீழ்ப்பட்டவை. காடழித்துக் கோப்பி நட்ட நிலத்தின் மிகப்பெரும் பங்கு அக்கோட்டுக்குக் கீழேயே கிடந்தது. 1870-களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரில் நின்றது. அந்நிலத்தில் மண்ணை எவ்வாறு வெட்டலாம், எவ்வாறு வெட்டலாகாது என அச்சட்டம் ஒன்றும் கூறவில்லை. எஞ்சிய காட்டைக் காத்த சட்டம், காடிழந்த மண்ணைக் காக்கவில்லை.

தேயிலையும் சுரண்டியும்

1869-இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. 1867-இல் உலூல்கந்துரையில் யேம்சு தெயிலர் வணிகமுறையில் தொடங்கிய தேயிலைப் பயிர் அவ்விடத்தைப் பிடித்தது. நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை 350,000 ஏக்கருக்கு மேற் பரவிற்று. புசல்லாவையின் கோப்பித் தோட்டங்கள் யாவும் தேயிலைத் தோட்டங்களாயின. பயிர் மாறிற்று, நிலம் பேணும் முறை மாறவில்லை. முன்னரே மேல்மண் இழந்த சரிவுகளில் புதுப்பயிர் நடப்பட்டது. களையெடுத்தல் சுரண்டி கொண்டே நடந்தது. புல்லின் வேரோடு மண்ணின் மெல்லிய படலமும் ஒவ்வொரு முறையும் பெயர்ந்தது. தோட்டம் தூய்மையாய் விளங்குதல் நல்ல நிருவாகத்தின் அடையாளமெனத் துரைமார் கருதினர். அத்தூய்மைக்கு மலை கொடுத்த விலை ஓடைகளிற் கலங்கி ஓடிற்று.

தேயிலைச் செடி நன்கு படர்ந்து நிலத்தை மூடியபின் மழைத்துளியின் தாக்குதலைத் தானே தாங்கும். இளஞ்செடியாய் இருக்குங் காலத்தும், கவ்வாத்துச் செய்த பின்னரும், செடி பட்டு வெற்றிடம் விழுந்த இடத்தும் மண் திறந்தே கிடக்கும். பிற்கால ஆய்வுகளின்படி, பேணப்படாத பழைய நாற்றுத் தேயிலை நிலம் ஓராண்டில் ஹெக்டேயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 தொன் மண்ணை இழக்கக்கூடும். நன்கு மூடிய நிலத்தில் அவ்விழப்பு ஒரு தொன்னுக்கும் குறைவு. ஒரே பயிர், ஒரே மழை, ஒரே சரிவு. பேணும் முறை ஒன்றே இவ்வேறுபாட்டை விளைக்கின்றது.

1920-களில் இவ்வுண்மை அரசினர்க்கும் தோட்டத்தார்க்கும் தெளிவாகத் தொடங்கிற்று. 1925-இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டுப் பின்னர்த் தலவாக்கலை சென்கூம்சில் நிலைபெற்றது. பேராதனையில் விவசாயப் பகுதியின் இரசாயன அறிஞர் யோக்கிம், மண்ணரிப்பை அளந்தறியும் சோதனைகளை 1930-ஆம் ஆண்டையொட்டி நடத்தினார். 1931-இல் மண்ணரிப்பு ஆராய்ச்சிக் குழுவின் அறிக்கை அரச வெளியீடாக வந்தது. இலங்கை விவசாயப் பகுதியின் தலைவராயிருந்து, பின்னர்க் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் ஆலோசகரான சேர் பிராங்கு தொக்டேல், 1937-இல் பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் அனைத்திலும் மண்ணரிப்பின் நிலையைத் தொகுத்து எழுதினார். இலங்கை மலைகளிற் கற்ற பாடம் அத்தொகுப்பின் பின்னணியில் இருந்தது எனலாம்.

இவற்றின் பயனாகத் தோட்டங்களில் வழங்கும் தொழில்முறைகள் மாறின. சரிவின் குறுக்கே, சமவுயரக் கோட்டையொட்டி, இடையிடையே தடுப்பு விட்டுக் கான் வெட்டும் முறை பரவிற்று. நீர் தடுப்பிலே தேங்கி மண்ணை அங்கு விடுத்து, மிகுதி மட்டுமே வழிந்தோடும். கான் வாரித் தூர்மண்ணை மேற்பக்கத்தே இடுதல், செங்குத்தான இடங்களிற் கல் அடுக்கிக் கட்டுதல், வெற்றிடங்களில் மூடுபயிர் இடுதல் ஆகியன தோட்ட வேலையின் பகுதிகளாயின. 1950-களிலும் 1960-களிலும் மறுநடுகை தொடங்கியபோது, பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் குவாத்தமாலாப் புல் அல்லது மானாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றிய பின்னரே புதுச்செடி நடவேண்டும் என்னும் முறை நிலைபெற்றது. இம்முறைகள் அறிவுரையாக வந்தன, கட்டளையாக வரவில்லை. கைக்கொண்ட தோட்டம் பயன்பெற்றது. கைக்கொள்ளாத தோட்டத்தைக் கேட்பாரில்லை.

1947-ஆம் ஆண்டு வெள்ளமும் 1951-ஆம் ஆண்டுச் சட்டமும்

ஆற்றுவெளிக்கென ஒரு சட்டம் அதற்கு முன்னரே இருந்தது. 1924-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்க வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், வெள்ளப் பகுதிகளைப் பிரகடனஞ் செய்து அங்குக் காப்பு வேலைகளை நடத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அதன் கண் ஆற்றின் கரையிலேயே பதிந்திருந்தது. கரைக்கு மண் வந்த வழியை அது நோக்கவில்லை.

1947-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் மலைநாட்டிற் பெய்த பெருமழை மகாவலியை வரலாறு காணாத அளவிற்குப் பெருக்கியது. கம்பளை நகரும் பேராதனைச் சூழலும் நீரில் மூழ்கின. மலைச்சரிவுகள் பல இடங்களில் இடிந்து வீழ்ந்தன. வெள்ளம் வடிந்தபோது தெருக்களிலும் வயல்களிலும் எஞ்சியது சேறு. மேலே சரிவில் உண்டான காயமும் கீழே வெளியில் படிந்த சேறும் ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகள் என்பதை அவ்வெள்ளம் போல வேறெதுவும் நாட்டுக்கு உணர்த்தியதில்லை. அவ்வாண்டே இயற்றப்பட்ட முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், ஓடைகளின் ஊற்றையும் படுகையையும் காத்தற்கும் மண்ணரிப்பைத் தடுத்தற்குமாக நிலங்களை ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை வழங்கிற்று.

இவ்வனுபவத்தின் நேர்விளைவாக வந்ததே 1951-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்க மண்காப்புச் சட்டம். அப்பொழுது விவசாய, காணி அமைச்சராயிருந்தவர் டட்லி சேனநாயக்கா. இச்சட்டப்படி அமைச்சர் ஒரு பகுதியை அரிப்புக்குள்ளாகும் பகுதியெனப் பிரகடனஞ் செய்யலாம். அங்கு நிலத்தைப் பயன்படுத்தும் முறைக்கு விதிகள் வகுக்கலாம். முழுக்களையெடுப்பு, மேய்ச்சல், காடு வெட்டுதல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தலாம். மண்காப்பு வேலைகளைச் செய்யுமாறு நிலவுடைமையாளரைப் பணிக்கலாம். தேவையாயின் நிலத்தை அரசே எடுத்துக்கொள்ளலாம். தனியார் நிலத்தில் மண்ணைக் கையாளும் முறையில் அரசு தலையிடலாம் என்னும் கொள்கையை இலங்கை முதன்முறையாகத் தெளிவுற ஏற்றது இச்சட்டத்தாலேயே. அறிவுரை கட்டளையாகிய இடம் இது.

1953-இலும் 1996-இலும் இச்சட்டம் திருத்தப்பட்டது. 1996-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தின் நோக்கத்தை விரித்து, சீரழிந்த நிலத்தை மீட்டலையும், வெள்ளம், உவர், நீர்தேங்கல், வறட்சி ஆகியவற்றினின்று நிலத்தைக் காத்தலையும் அதனுட் சேர்த்தது. சொல்லளவில் மலையும் வெளியும் ஒரு சட்டத்தின்கீழ் வந்தன. செயலளவில் நிலைமை வேறாயிருந்தது. விவசாயத் திணைக்களத்துக்கு அறிவுரை கூறும் அலுவலர் இருந்தனர். கண்காணித்து வழக்குத் தொடுக்கும் ஆளணி போதிய அளவில் இருந்ததில்லை. சட்டத்தின் நடைமுறை நெடுங்காலம் தளர்ந்தே நின்றது.

பிறநாட்டு அனுபவம்

இவ்விடர் இலங்கைக்கே உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொன் தேடுவோர், வலிய நீர்த்தாரைகளைச் செலுத்திச் சியரா நெவாடா மலைச்சரிவுகளைக் கரைத்தனர். கரைந்த மண்ணும் கல்லும் யூபா முதலிய ஆறுகளின் படுகையை உயர்த்தி, கீழ்வெளியின் வயல்களையும் மேரிசுவில் நகரையும் வெள்ளத்துக்கு இலக்காக்கின. வெளியில் வாழ்ந்த உழவர் நீதிமன்றஞ் சென்றனர். 1884-ஆம் ஆண்டில் நீதிபதி சோயர், சுரங்கக் கழிவை ஆற்றில் விடுதலைத் தடைசெய்து தீர்ப்பளித்தார். மலையில் மண் வெட்டுவோன் வெளியில் வாழ்வோனுக்குப் பொறுப்புடையவன் என்னும் நியாயம் அத்தீர்ப்பால் நிலைபெற்றது. பின்னர் 1930-களின் புழுதிப்புயல்களைக் கண்ட அந்நாடு 1935-இல் மண்காப்புச் சட்டம் இயற்றியது.

தமிழகத்திலும் இதனையொத்த நெறி காணப்படுகின்றது. நீலகிரியின் செங்குத்தான சரிவுகளில் உருளைக்கிழங்குப் பயிர் பரவியதால் நேர்ந்த அரிப்பைக் கண்ட சென்னை அரசு, 1955-ஆம் ஆண்டில் மலைப்பகுதிகளில் மரம் வெட்டுதலையும் நிலம் பயிரிடுதலையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தைக் கொணர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் உதகமண்டலத்தில் மண்காப்பு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. மூன்று நாடுகளிலும் சட்டம் கேட்டின் பின்னரே வந்தது. வேறுபாடு யாதெனின், கலிபோர்ணியாவில் வழக்கிட்டோர் கீழ்வெளியின் உழவர். மலைநாட்டில் அங்ஙனம் கீழ்வெளியார் மேல்மலையாரைப் பொறுப்புக்கு உள்ளாக்கும் மரபு வேரூன்றவில்லை.

அணைகளின் காலம்

மகாவலியின் நீரைத் திருப்பி வறண்ட வலயத்துக்குக் கொடுக்கும் திட்டம் மண்ணரிப்பை நாட்டின் கருவூலக் கணக்காக்கிற்று. 1976-ஆம் ஆண்டில் கண்டிக்கு அண்மையில் பொல்கொல்லை அணைக்கட்டு நிறைவெய்திற்று. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1988-இல், அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 விழுக்காட்டை வண்டல் நிரப்பியிருந்தது. கம்பளையைக் கடந்து வரும் செந்நீரே அவ்வண்டலைக் கொணர்ந்தது. மலையில் இழந்த மண் யாருடைய இழப்பு என்னும் வினாவுக்கு இவ்வெண் ஒரு விடை கூறிற்று. அது தோட்ட உடைமையாளரின் இழப்பு மட்டுமன்று. அநுராதபுரத்து உழவனின் இழப்புமாகும்.

சுவீடன் நாட்டின் உதவியுடன் 1979-இல் தொடங்கி 1985-இல் நிறைவெய்திய கொத்மலை அணை 87 மீற்றர் உயரமுடையது. அதன் நீர்த்தேக்கம் 17 கோடியே 40 இலட்சம் கனமீற்றர் நீரைக் கொள்ளும். கொத்மலைப் பள்ளத்தாக்கின் பழைய படிவயல்களும் ஊர்களும் கோயில்களும் அந்நீரில் ஆழ்ந்தன. நீர் வற்றும் காலத்தில் கடதொரை விகாரையின் சிதைவுகள் வெளிப்படும். மண்ணைத் தாங்கி நின்ற வயற்படிகள் நீங்கிய இடத்தில், மண்ணை ஏற்கும் நீர்த்தேக்கம் அமைந்தது. புசல்லாவை, இறம்பொடைச் சரிவுகளின் வழியே இறங்கும் மண்ணிற் பெரும்பங்கு இப்பொழுது அத்தேக்கத்தின் அடியில் தங்குகின்றது. மேற்சரிவுகளைப் பேணாது அணையின் ஆயுளை நீட்டித்தல் இயலாது.

அதே காலத்தில் ஆற்றுவெளியில் வேறொரு வெட்டு வளர்ந்தது. கட்டடப் பெருக்கத்தால் மணலுக்குத் தேவை மிகுந்தது. மகாவலியின் படுகையும் கரைகளும் மணலுக்காகத் தோண்டப்பட்டன. படுகையில் மணலை அளவின்றி எடுத்தால் ஆறு ஆழமாகும்; கரையின் அடி அரிக்கப்பட்டுக் கரை சரியும்; பாலத்தூண்களின் அத்திவாரம் வெளிப்படும். 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம் இத்தோண்டுதலை உரிமப்பத்திரத்துக்கு உட்படுத்திற்று. இவ்வகையில் மற்றுமொரு சட்டமும் மற்றுமொரு நிறுவனமும் சேர்ந்தன. காட்டுக்கு ஒருவர், தேயிலைக்கு ஒருவர், ஓடைக்கரைக்கு ஒருவர், மணலுக்கு ஒருவர் என அதிகாரம் பகுக்கப்பட்டது. முழுச்சரிவையும் உச்சி முதல் ஆற்றுப்படுகை வரை ஒன்றாக நோக்கும் பொறுப்பு எவரிடத்தும் முழுமையாக அமையவில்லை.

வெட்டிய கையும் வாழ்ந்த இடமும்

இவ்வரலாற்றில் இன்னொரு செய்தி அழுத்திக் கூறற்பாலது. இம்மலைகளில் முதற் குழி தோண்டியவரும், கான் வெட்டியவரும், கல் அடுக்கியவரும் மலையகத் தமிழ்த் தொழிலாளரே. எவ்விடத்தில் நீர் ஊறும், எச்சரிவு ஈரங்கொண்டால் இளகும், எக்கான் அடைபட்டால் எங்கே உடைப்பெடுக்கும் என்பன அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவை. ஆயின் சட்டம் பேசியது உடைமையாளருடன் மட்டுமே. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த சட்டங்களாலும் அம்மக்களிற் பெரும்பாலார் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களைப் பெற்றது. 1952-இல் ஓரிடமும் பெறவில்லை. இவ்விரு தேர்தல்களுக்கும் இடைப்பட்ட ஆண்டிலேயே மண்காப்புச் சட்டம் பிறந்தது. மண்ணை நன்கறிந்த மக்களின் குரல் மண்ணைப் பற்றிய சட்டத்தின் நடைமுறையில் இடம்பெறாது போயிற்று.

அவர்கள் வாழ்ந்த இடமும் இதனோடு தொடர்புடையதே. தோட்டத்து லயங்கள் தேயிலைக்கு உதவாத இடம் பார்த்து, ஓடையோரத்திலும் சரிவின் மடியிலும் கட்டப்பட்டன. சரிவை வெட்டி மட்டஞ்செய்து, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, அம்மேட்டில் சுவர் எழுப்புதல் வழக்கமாயிருந்தது. மேற்பக்கத்து வெட்டுமுகம் தாங்குதலின்றி நிற்கும். கீழ்ப்பக்கத்துக் கொட்டுமண் இறுகாது கிடக்கும். நீர் வடியும் கான் செவ்வனே இருக்கும்வரை ஆபத்து உறங்கும். கான் தூர்ந்துபோன ஒரு பெருமழை இரவில் அது விழித்தெழும்.

தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990-ஆம் ஆண்டு முதல் மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவு இடர்ப்பகுதிகளை வரைபடமாக்கி வந்தது. சரிவில் வீடு கட்டுவோரும் மண் வெட்டுவோரும் அதன் பரிந்துரை பெறவேண்டும் என்னும் ஒழுங்கும் ஏற்பட்டது. ஆயினும் 2014-ஆம் ஆண்டு ஒற்றோபர் 29-ஆம் நாள் கொசுலந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் வாழத்தக்கதன்று என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கப்பட்டோர்க்கு வேறு நிலமில்லை. 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் தித்துவா புயலோடு வந்த மழை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகளைப் பல நூறிடங்களில் பெயர்த்தது. நாடெங்கும் 600-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1947-இற்போலவே கம்பளை வெளியை மகாவலி மூடிச் சேற்றை விட்டுச் சென்றது.

இவ்விரு வெள்ளங்களுக்கும் இடைப்பட்ட எழுபத்தெட்டு ஆண்டுகளில் சட்டங்கள் குறைவுபடவில்லை. காட்டையும் பயிரையும் மணலையும் கட்டடத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் விதிகள் நிறைந்துள்ளன. குறைவுபட்டன இரண்டு. சரிவையும் வெளியையும் ஒரே நீரேந்து பரப்பாகக் கொண்டு, உச்சியில் வெட்டுவோனைப் படுகையில் வாழ்வோனுக்குப் பொறுப்பாக்கும் நோக்கு ஒன்று. அச்சரிவில் வாழ்ந்து அதன் கான்களைக் காத்த மக்களுக்குப் பாதுகாப்பான நிலமும், அந்நிலத்தைப் பேணும் உரிமையும் அளித்தல் மற்றொன்று. பின்னது இன்றி முன்னது நிறைவேறாது. தனக்கென ஓரடி நிலமில்லாதவனிடம் மலையைக் காக்குமாறு கூறும் விதி ஏட்டிலேயே நிற்கும்.

புசல்லாவைச் சரிவுகளில் இன்றும் பழைய கற்கட்டுகளைக் காணலாம். கோப்பிக் காலத்தினவும் தேயிலைக் காலத்தினவுமாகிய அவற்றுட் சில, சட்டம் ஏதும் பிறவாத நாளில் பெயரறியாத் தொழிலாளர் அடுக்கியவை. அவற்றின் மேற்பக்கத்தே மண் தங்கி நிற்கின்றது. தங்கிய மண்ணில் தேயிலை தழைத்து நிற்கின்றது. கற்கட்டு இடிந்த இடத்தில் பாறை தெரிகின்றது. மண்ணரிப்புத் தடைக்கு விதி வகுப்போர் முதலிற் சென்று காணவேண்டிய இடம் அதுவே. அங்கு நின்று கீழே நோக்கின் கொத்மலை நீர்த்தேக்கமும் அதற்கப்பால் மகாவலியின் வெளியும் ஒரே பார்வையில் அடங்கும். அவ்விரண்டையும் ஒருசேரக் காணும் சட்டமே அம்மண்ணைக் காக்கும்.